பட்டென்று விட வேண்டும்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நல்ல சேதி ஒன்று. துப்பாக்கிப் பயிற்சியில் தேறிவிட்டேன். இன்று முதல் வங்கிப் பணம் கொண்டுபோகும் வண்டிக்கு நானும் ஒரு காவல். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிஸ்டலின் மேல்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் குண்டு உள்ளே ஏறும். நான் இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன், அசைவேனா என்றது. "கிள்ளாதம்மா. உள்ளங்கைய மேல போட்டு இறுக்கிப் பிடி. மத்த கையால துப்பாக்கிய முன்னால தள்ளு" என்றார் பயிற்சியாளர். அப்படிச் செய்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் திரும்ப விடும்போது நான் கையை எடுக்காமல், கூடவே மெல்லக் கொண்டுபோய் வைத்தேன். குண்டு பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபடியும் அதே கதை.

"ஏம்மா, உள்ள குழந்தை தூங்குதா? பட்டுனு கைய எடு. மிச்சத்த ஸ்பிரிங் பாத்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பாப்பா தூங்கும்போது கதவு சாத்திப் பழகிய கை வேறென்ன செய்யும்? அடுத்த முறை கையை எடுத்தேன். சடக்கென்று போய் உட்கார்ந்தது.

நம் அறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுங்கள். பாப்பாவுக்குச் சிறிதாகிப்போன சட்டை ஒன்று அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். இந்த அறையில் நான் ஒருத்திதான். ஆனாலும் கதவை மெதுவாகத்தான் சாத்துகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா