நேரத்தைச் சொல்லாத மச்சான்

என் பிரியமான சூசை மச்சானுக்கு,

நீ போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. தங்கச்சிமடத்தில், உன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நம் தொலைநோக்கியை நான் இன்னும் எடுக்கவில்லை. உறை போட்டு வைத்திருக்கிறேன். உன் மனைவி லூர்து நலம். பேச்சு குறைந்திருக்கும் என்று நினைத்தாயானால், இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே பள்ளியில் நீ கணக்கு நடத்தினாய், நான் இயற்பியல். ஓய்வு பெற்ற பிறகு நமக்குப் பிடித்த பைத்தியம் ராட்சதக் கோள்கள். வெகு தொலைவில் உள்ள விண்மீன்களைச் சுற்றுகிறவை. அவற்றை நேரே பார்க்க முடியாது. தன் விண்மீனுக்கு முன்னால் கோள் கடக்கும்போது, விண்மீனின் ஒளி நூறில் ஒரு பங்கு போல மங்கும். சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். யாரோ கண்டுபிடித்த அப்படி ஒரு கோளை, நம் மாடியிலிருந்து நாமும் பிடித்துவிட வேண்டும் என்பது உன் ஆசை.

ஆசை உனக்கு, சந்தேகம் எனக்கு. இத்தனை மணிக்கு மங்கும் என்று முன்பே தெரிந்தால், மங்காததையும் மங்கியதாகப் பார்த்துவிடுகிற ஆள் நான். அதனால்தானே அந்த ஏற்பாடு? கடக்கும் நேரத்தை நீ கணக்கிட்டு மனதுக்குள் வைத்துக்கொள்வாய். நான் படமெடுத்து, அந்த விண்மீனைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, எப்போது மங்கியது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நீ வாய் திறப்பாய்.

"சொல்லித் தொலை மச்சான், பத்தாம் வகுப்புப் பேப்பரா திருத்துற?" என்பாய். மேகம் என்பேன். லென்சில் உப்பு என்பேன். ஒரு தடவைகூட நான் துணிந்து சொன்னதில்லை.

நீ போன பிறகு, எனக்குத் தெரியாமல் நேரத்தை வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். மாசியில் லூர்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்; போனேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் பொழுது சாய மாடிக்கு வந்துருங்க. ஒங்க மச்சான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எத்தனை மணிக்குன்னு சொன்னானா?"

"சொன்னாரு. ஒங்ககிட்ட சொல்லிட்டா நான் அவரு பொண்டாட்டியா?"

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மறுநாள் ஒளியின் அளவை வரைபடமாகப் போட்டால், கோடு நேராகக் கிடந்தது. நீ கணக்குப் போட்டுக் கொடுத்த நாள், தெளிந்த வானம், அப்படியும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் குறை யாரிடம்? இந்த வயதில் இந்த வேலை எனக்கு ஒத்துவராது, தொலைநோக்கியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனது லூர்துவின் வாய்க்குப் பயந்துதான்.

அன்று கொண்டல் காற்று கடலிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்தது. லென்சில் உப்புப் படிந்து எல்லா விண்மீனும் சேர்ந்தே மங்கின. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நம்முடையது மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறங்கி, பிறகு ஏறியிருந்தது. உப்புக்கு ஒரு விண்மீன் மேல் மட்டும் என்ன பகை?

காலையில் போனபோது லூர்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மொதல்ல நீ நேரத்தைச் சொல்லும்மா."

"அந்தக் கதையெல்லாம் இங்கன ஆகாதுண்ணே. நீங்க சொல்லுங்க."

வரைபடத்தை விரித்தேன். "வெள்ளிக்கிழமை ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை எட்டு மணிவாக்குல மங்கி, பத்தரைக்குச் சரியாச்சு. கோளா இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கா?"

"இருக்கு. கோள்தான்."

கை கழுவாமலே எழுந்து நின்றாள். "எட்டுக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியும்னுதான் அவரும் சொன்னாரு. வெள்ளிக்கிழமை ஒண்ணுமே கெடையாதுண்ணே. 'வெறும் நாள் ஒண்ணையும் சேத்துக் குடு. அன்னிக்கு இல்லைன்னு அந்தப் பயந்தாங்கொள்ளி சொல்லிட்டா, அப்புறம் இருக்குன்னு சொல்றத அவனே நம்புவான்'னாரு."

மச்சான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு எனக்காக ஒரு வெறும் நாளைத் தேடிக்கொண்டிருந்தாயா? மூச்சு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கும்போதெல்லாம் மழையைப் பற்றிப் பேசினாயே, அப்போதெல்லாம் இதுதான் மனதில் ஓடியதா?

இத்தகைய அளவீடுகளைத் திரட்டுகிற வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு நம்முடையதை அனுப்பிவிட்டேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. பதில் இன்னும் வரவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அதற்காக நான் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை.

இனி, எவரும் இதுவரை கோள் கண்டிராத விண்மீன் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். அது மங்குமா, எப்போது மங்கும் என்று உனக்கும் தெரியாது, லூர்துவுக்கும் தெரியாது. வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காமலே போகலாம். மங்கவில்லை என்றால் மங்கவில்லை என்று எழுதுவேன். மங்கினால், யாரையும் கேட்காமல், நானே முதலில் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் லூர்துவுக்கு அண்ணன், அதனால் உனக்கு என்றும் மச்சான்,
ராமலிங்கம்