பட்டாணிக்குப் போர்த்திய பைகள்

கேத்தி,
பிப்ரவரி 4

அன்பு மகள் சுஜாதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி கிருத்திக்கும் அந்தக் கனடா பனியில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். தொண்டைக்கட்டு என்றேன். அது தொண்டைக்கட்டு இல்லையம்மா. போனில் என்றால் எனக்கு வார்த்தை வராது, அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடம் தை பிறந்தும் உறைபனி விழவில்லை. மார்கழியிலேயே தோட்டம் சித்திரை மாதம் போல வளர ஆரம்பித்துவிட்டது. பிளம்ஸ் மரம் இலை உதிர்த்து முடிப்பதற்குள் பூத்துவிட்டது, பட்டாணிக் கொடி வேலி உயரத்துக்கு ஏறிவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன், நீயும் சந்தோஷப்பட்டாய். எனக்கு மட்டும் உள்ளூரப் பயம். இவ்வளவு இளசாக நிற்கும் கொடி மேல் ஒரு ராத்திரி பனி விழுந்தால் போதும், விடியும்போது கருகிக் கிடக்கும். இங்கே மற்றவர்கள் மிலாறுச் செடியை வெட்டி வந்து குடிசை மாதிரி மூடுவார்கள். எனக்கு இடுப்பு வளையாது என்று ஒரு சாக்கு. போன மே மாதம் நீ வந்தபோது பரண் மேல் இருந்த பிளாஸ்டிக் பை மூட்டையைப் பார்த்துச் சத்தம் போட்டாயே, மலையில் பிளாஸ்டிக் பைக்கே தடை, குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள் அப்பா, கடைக்குத் துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள் என்று. இரண்டும் செய்துவிட்டதாகச் சொன்னேன். துணிப்பை மட்டும்தான் நிஜம். மூட்டையை விறகுக் கொட்டகைக்கு மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். நல்ல பைகள், தூக்கிப் போட மனம் வரவில்லை. அவற்றைத்தான் ஒவ்வொரு கொடியின் நுனியிலும் கவிழ்த்து, சணல் கயிற்றால் கட்டினேன். ஒழுங்காகத்தான் கட்டினேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் பெருங்காற்று அடித்ததில் சில பைகள் கொடி நுனியோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டன. கீழே இறங்கித் தேட வேண்டும் என்று தோன்றியது. சரிவில் வழுக்கி விடுவேனோ என்ற பயத்தில், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சரிவுக்குக் கீழேதான் நமக்குப் பால் ஊற்றும் சின்னம்மை வீடு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், இருப்பது ஒரே மாடு. காய்ந்த புல்லையே தின்று அலுத்திருந்த மாடு பச்சையைப் பார்த்ததும் பையோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து இடப்பக்கம் கீறி, முழங்கை வரை கையை விட்டு எடுத்தார். நான் வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வந்தது உன் கல்யாணப் புடவை எடுத்த கடையின் பை. என் சணல் கயிறு அவிழாமல் இருந்தது. சின்னம்மை அழுதுகொண்டே, “இந்த டூரிஸ்ட்காரனுங்க கை வெளங்குமாங்க? செக்போஸ்ட்டுல அத்தன புடுங்கியும் எங்கிருந்துதான் கொண்டாரானுங்களோ! நீங்களே சொல்லுங்கய்யா” என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், சும்மாவாவது இருந்திருக்கலாம். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

மாடு எழுந்துகொண்டது, ஆனால் பால் நின்றுவிட்டது. தினமும் காலையில் அவளே மேலே ஏறி வந்து, “இன்னைக்கும் பாக்கெட் பாலு வாங்கிக்கோங்கய்யா, கோவிச்சுக்காதீங்க” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “மாடே பொழைச்சு எந்திரிச்சிருச்சு, உங்களுக்கு இன்னும் வாய் எந்திரிக்கலையாக்கும்?” என்றாள்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன், மீதியைச் சில நாள் கழித்து இப்போது எழுதுகிறேன். மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, ஏதோ உளறியிருப்பேன். அவள் திட்டவில்லை. “அன்னைக்கு ஆமான்னீங்களேய்யா” என்றாள், அவ்வளவுதான். டாக்டர் செலவை நான் தருகிறேன் என்றேன். “அது கெடக்கட்டுங்க. மொதல்ல மிச்சத்த அவுத்து எடுங்க, நான் மாட்ட மேயக் கட்டோணும்” என்று உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் அவிழ்த்தேன். சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கிப் பறந்து போனவற்றையும் பொறுக்கினேன். மூட்டையோடு குப்பை வண்டியில் என் கையாலேயே கொடுத்துவிட்டேன், இந்த முறை நிஜம், அம்மாவைக் கேட்டுக்கொள். அன்று ராத்திரிதான் உறைபனி விழுந்தது. காலையில் பட்டாணி முழுவதும் கறுத்துத் தொங்கியது. வேலைக்குப் போகிற வழியில் சின்னம்மை பார்த்துவிட்டு, “மிலாறு போட்டிருந்தா பாதியாச்சும் நின்னிருக்கும்” என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கொடி போனதில் வருத்தம் வரவில்லை. அதுதான் சரி என்று பட்டது. இப்படி நினைப்பதும் தப்போ என்னவோ.

நீ மே மாதம் வரும்போது சாமான்களைத் துணியில் சுற்றியே கொண்டு வா. வந்ததும் என்னோடு ஒரு நடை சின்னம்மை வீட்டுக்கு வர வேண்டும், மறக்காதே. மாட்டுக்குப் பால் கொஞ்சம் திரும்பியிருக்கிறதாம். நம் வீட்டுக்கு இன்னும் ஊற்றவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் காலையில் பால் வாங்கும் தூக்குச்சட்டியைக் கழுவி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அன்பு அப்பா,
தங்கையா