சங்கிலியைக் கழற்றாமல் கை வைத்த தம்பிக்கு

என் அருமைத் தம்பி ராஜு,

நீ போய் நாற்பத்தொரு நாளாகிறது. செத்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் நம் வரிசை வீடுகளில் உன்னைப் பற்றிப் பேசும் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

உன் சாவை விதி என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த ஜப்பான்காரன் காலத்தில் நம் வரிசையின் பதினோரு வீட்டுக்கும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அதிலும் நமக்குக் கிடைப்பது கசப்புக் கிழங்கு. துருவி, ஊறவைத்து, பிழிந்து எடுக்காவிட்டால் விஷம். அதற்காகத்தானே பழைய சைக்கிளைப் பிரித்துப் பொதுச் சமையலறைக்கு ஒரு துருவி செய்தாய்? ஒருவர் பெடலை மிதிக்க, சங்கிலி இழுக்க, ஆணியால் துளை போட்ட தகர உருளை சுற்றும். அரைமணியில் ஒரு கூடைக் கிழங்கு துருவலாகிவிடும்.

அன்று உருளையில் கிழங்கு நார் சுற்றி இறுகிவிட்டது. வெளியே சட்டியோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். “கால எடுக்காதக்கா, அழுத்திக்கிட்டே இரு, இதோ வந்துரும்” என்று சொல்லிவிட்டு விரலை உள்ளே விட்டாய். நார் அறுந்தது. என் கால் கீழே போனது. உருளை சுற்றியது.

ஆமாம் ராஜு, பெடலில் இருந்தது நான். மதராஸில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். நெருக்கி வைத்த விசை வழி கிடைத்ததும் பாயும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன்? துருப்பிடித்த தகரம் கிழித்த புண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மறுநாள் பட்டறைக்குப் போனாய். எட்டாம் நாள் ரணஜன்னி கண்டு தாடை பூட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போட ஊசி மருந்து இல்லை.

விதி என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு வசதி, யோசித்துப் பார்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு வேலாயுதம் அண்ணன் நாலு பேரோடு பொதுச் சமையலறைக்கு வந்தார். உன் இயந்திரத்துக்கு ஏற்கெனவே எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். நான் அதை அவிழ்த்து ரசத்தில் பிழிந்துவிட்டேன். அந்தக் கோபம் வேறு.

“டீச்சரம்மா, உயிரக் குடிச்ச சாமான். ஆத்துல போட்டுருவோம்.”

“போட்டா கிழங்க யார் துருவுறது? நீங்களா?”

“விதி வந்தா கரண்டி கூடக் கொல்லும்லா.”

“கரண்டிய யாரும் மிதிக்கிறதில்ல அண்ணே.”

பேசிக்கொண்டிருக்கும்போதே உருளை மறுபடி இறுகிக்கொண்டது. வேறொருத்தி பெடலை மிதிக்க, உருளைக்குக் கிழங்கு கொடுத்துக்கொண்டிருந்தது உன் மனைவி தங்கம். பழக்கதோஷம், அவள் கையும் நேராக உருளைக்குத்தான் போனது. நான் போட்ட சத்தத்தில் நாய் கூட எழுந்து ஓடியது.

பெடலில் இருந்தவளை முதலில் இறங்கச் சொன்னேன். சங்கிலியைக் கழற்றித் தங்கத்தின் கையில் கொடுத்தேன். யார் அடைப்பை எடுக்கிறார்களோ அவர்களிடம்தான் சங்கிலி இருக்க வேண்டும், கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றேன். அவள் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மூங்கில் குச்சியால் உருளையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி நாரைக் கிளறி எடுத்தாள். விரல் படவே இல்லை.

“சுருக்கா மாட்டு தங்கம், அடுப்பு எரியுது” என்றார் வேலாயுதம்.

“எரியட்டும் மாமா. என் கை வெளிய வந்தப்புறம் மாட்டுவேன்” என்றாள். தாலி கழற்றிய கழுத்தில் அந்த எண்ணெய்ச் சங்கிலி. வேலாயுதம் அண்ணன் போய் அடுப்பு விறகை வெளியே இழுத்துப் போட்டார்.

பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா?”

நீ பட்டறைக்காரன், உனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். நீ படித்த அக்காவுக்குத் தெரியாதா என்று நினைத்தாயோ?

செத்தவனைக் குறை சொல்லாதே என்கிறார்கள். சொல்வேன். பெடலில் புதிதாகக் கால் வைக்கிற ஒவ்வொருத்தியிடமும், என் தம்பி அவசரப்பட்டான், நான் காலை எடுக்கவில்லை, அதனால் செத்தான் என்று சொல்வேன். இயந்திரம் ஆற்றுக்குப் போகாது. இது என் வாக்கு.

அன்று பெடலிலிருந்து காலை எடுக்காத,
உன் அக்கா