தலைகீழாகத் தைத்த சட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நான் வேலை செய்யும் இந்த நாட்டில் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு வருகிறது. மக்களுக்கான பிரதிகளை எங்கள் அச்சகம்தான் அச்சடித்துத் தைக்கிறது. ஒரு கட்டுப் பிரதிகளில் பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டுவிட, அவற்றைக் கழித்து வெளியே போட்டோம். அதைப் பார்த்து, "எதையோ மறைக்கிறாங்க" என்று வாசலில் கூட்டம். பயப்பட ஒன்றுமில்லை, மேலாளர் கதவைத் திறந்து, "நீங்களே பாருங்க" என்றார்.

கழித்ததையும் நல்லதையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். "உனக்குத்தான் இங்க ஓட்டு இல்லையே, பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? எல்லாம் இருக்கா?"

"இருக்கும்மா. தச்சவன் நான்தான்."

"சரி, உங்க நாட்டுச் சட்டத்துல என்ன இருக்கு?"

அதைப் படித்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

நம்முடையதில் ஒரு பிரதி அனுப்புங்கள். முதலில் நீங்கள் படித்து, ஒப்பாத இடங்களில் ஓரத்தில் எழுதுங்கள். உங்களோடு வாதாடி நாளாகிறது.

அச்சகத்தில் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

உங்கள் மகன்