ஈயம் கலந்த குங்குமம்

பம்பாய்
9.2.1984

அம்மாவுக்கு ராமசுப்பு வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்காவும் பிள்ளையும் சுகமா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. லாரி எஞ்சின் எண்ணெயில் உலோகத் தூள் கலந்திருக்கிறதா என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதானே என் வேலை. போன வாரம் ஒரு எண்ணெயில் ஈயம் தெரிந்தது. ஈயம் பூசிய பேரிங் தேய்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். எஞ்சினையே பிரித்துவிட்டார்கள். பிரித்தவர் நம் கயத்தாறு இசக்கி அண்ணாச்சி. "ஏலே, பேரிங் புதுசு கணக்கா மின்னுதுலே! இதுக்கா என்னைய இந்தப் பாடு படுத்துன?" என்று சத்தம் போட்டார்.

பிள்ளையின் காதுகுத்துக்கு வர லீவு கிடைக்கட்டும் என்று கோவிலில் வைத்துக் குங்குமம் அனுப்பினீர்களே, அதை இட்டுக்கொண்டுதான் எண்ணெய் மேல் குனிந்திருக்கிறேன். ஒரு சிட்டிகையை மெஷினில் வைத்துப் பார்த்தேன். அதே ஈயம்! விற்றவன் நிறத்துக்காகக் கலந்திருக்கிறான்; அது என் நெற்றியிலிருந்து எண்ணெயில் உதிர்ந்திருக்கிறது.

நான் பார்த்த பழைய எண்ணெயை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டுமாம். அதுவரை லீவு கிடையாது. அறைக்கு ஜன்னல் இல்லை. மெஷின் ஓடும்போது கதவையும் திறக்கக் கூடாது. காதுகுத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று அக்காவிடம் கேளுங்கள். முடியாதென்றால் பெரியப்பா மகன் தங்கச்சாமி மடியில் பிள்ளையை உட்கார வைக்கட்டும். கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. குங்குமத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வெறும் நெற்றியோடு படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. வேலை முடிந்து வந்து வைத்துக்கொள்கிறேன், விடிந்ததும் கழுவிவிடுகிறேன்.

ராமசுப்பு