டிசம்பரில் கேள்வி கிடையாது

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கிறிஸ்மஸ் ஸ்டாரை மாட்டியாயிற்று. வருஷம் முழுக்க பீரோவுக்குப் பின்னால் மடிந்து கிடந்ததில் ஒரு முனையைக் கரப்பான் தின்றிருக்கிறது. செலோ டேப் ஒட்டினேன். இந்த வீட்டில் மரியாதையாக மடிந்து கிடக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

போன வருஷம் கிஷோருக்கு அவன் அப்பா வாங்கிய கார், உட்கார்ந்து ஓட்டுகிற கார். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் எங்கே ஓட்டுவது? மூன்று மாதம் பாத்ரூமில் குடியிருந்தது. குளிக்கப் போகிறவர் முதலில் காரை வெளியே எடுக்க வேண்டும். கடைசியில் மாங்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. பிள்ளை இரண்டு நாள் அழுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். எந்தச் சாமான் எந்த ரேக்கில் அடங்கும் என்று பார்த்ததும் சொல்வேன். சொந்த வீட்டில் கோட்டை விடலாமா? இந்த வருஷம் கிஷோருக்குக் காந்த எழுத்துகள். பீரோவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், தரையில் ஒரு சாண் இடம்கூட வேண்டாம்.

நிஷாவுக்குத்தான் பெரியது. ஏழாம் வகுப்பு வந்தும் அரிசி டிரம் மேல் வைத்துத்தான் எழுதுகிறாள். நான் அரிசி எடுக்க வரும்போதெல்லாம் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உள்ள சுவர்தான் வீட்டில் மிச்சம். அதில் ஒரு மடக்கு மேசை. இறக்கினால் இரண்டு பேர் எழுதலாம், மடக்கினால் நாலு விரல்தான் நீட்டும். ஸ்டேஷன் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கும் நாகப்பனிடம் சொல்லிவிட்டேன்.

இன்று முதல் வழக்கமான சட்டம்: டிசம்பரில் கேள்வி கிடையாது. இவ்வளவு சின்ன வீட்டில் பரிசை எங்கே ஒளிப்பது? அதனால் நான் போட்ட சட்டம். துணி போட்டு மூடியிருந்தால் திறக்கக் கூடாது. குசுகுசுவென்று பேசினால் என்ன என்று கேட்கக் கூடாது. அடுத்தவர் ரகசியம் தெரிந்தால் வாயைத் திறக்கக் கூடாது. நாலு பேரும் கைமேல் கை வைத்து ஒப்புக்கொண்டோம்.

டிசம்பர் 6, வெள்ளி

பெருக்கும்போது பார்த்தேன். அந்தச் சுவரில், தரையை ஒட்டி, பென்சில் கோடு. பீரோ ஓரம் ஒன்று, ஜன்னல் ஓரம் ஒன்று. நடுவில் 6¼ என்று சந்தோஷ் கையெழுத்து. ¼ எழுதும்போது 4-க்கு வால் நீட்டுவது அவர்தான்.

மேசை விஷயம் மோப்பம் பிடித்துவிட்டாரா? அதற்குத் தோதாக பெஞ்ச் செய்யச் சொல்லியிருக்கிறாரோ? உள்ளே சாமான் வைக்கிற மாதிரி, நீளமாக, பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார! அப்படித்தான் இருக்கும். கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் இந்த மனுஷன் டேப் எடுத்து எதையும் அளந்ததில்லை.

கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான். சாயங்காலம் இரண்டாவது டீ கேட்காமலே போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதிரி பார்த்தார்.

டிசம்பர் 9, திங்கள்

நிஷா தலை பின்னிக்கொள்ளும்போது கேட்டாள்: “அம்மா, ரகசியம் ரொம்பப் பெருசா இருந்தாகூட சொல்லக் கூடாதா?”

“பெருசா இருந்தா இன்னும் சொல்லக் கூடாது” என்றேன். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்பாவும் மகளும் சேர்ந்து ஏதோ பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

நாகப்பன் போன். “பலகை ரெடியா கீது மேடம். பாலிஷ்தான் பாக்கி.” அந்தச் சந்தோஷத்தில் ஸ்டோர்ஸில் நட் ரேக்கில் போல்ட்டைக் கொட்டி வைத்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மத்தியானம் ஜெபா போன் செய்தான். சந்தோஷின் தம்பி. கோயம்புத்தூரில் இருக்கிறான்.

“அண்ணி, ஜனவரி ஒண்ணாந்தேதி பட்டாபிராம்ல வேலைக்குச் சேரணும். கட்டிலை இருபத்தாறாம் தேதி லாரியில ஏத்திடறேன். ஆறே கால் அடி இடம் இருக்கு, கரெக்டா அடங்கும்னு அண்ணன் அளந்து சொல்லிட்டாரு. ரொம்ப தேங்க்ஸ் அண்ணி. நீங்களே வரச் சொன்னீங்களாமே. இந்தக் காலத்துல யாரு சொல்லுவா?”

ஆறே கால்.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. “சரிப்பா” என்றுதான் சொல்லியிருப்பேன். ரேக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சாம் பெஞ்ச்! இரண்டாவது டீ வேறு போட்டுக் கொடுத்தேனே.

டிசம்பர் 18, புதன்

நேற்று ராத்திரி நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. அவர் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன், ஏன் என்கிட்ட சொல்லல?

அவர் சொன்ன பதில்: “டிசம்பர்ல கேள்வி கேட்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன.” சொல்லிட்டு ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சிடுவேன்னு நெனச்சாரு போல.

நான் பிள்ளைங்களுக்காகப் போட்ட சட்டம். பலூனுக்கும் பொம்மைக்கும் போட்டது. அதுக்குள்ள கட்டிலைக் கொண்டுவந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்களே!

“நான் எப்ப வரச் சொன்னேன்?”

“கேட்டா நீ வேணாம்ப. அவன் என்ன நினைப்பான்? அதான் உன் பேர்ல சொன்னேன், உனக்கு மரியாதைதானே. பாப்பாவே சரின்னுட்டா, உனக்கென்ன?”

பாப்பா. நிஷாவுக்குத் தெரியும். பத்து நாளா தெரியும். டிரம் பக்கத்துல நின்னுக்கிட்டு, நோட்டை அணைச்சுக்கிட்டு, “நான் கேட்டேனேம்மா... நீதான் பெருசா இருந்தா இன்னும் சொல்லக் கூடாதுன்ன” என்று தேம்பினாள்.

அவர் ஏமாற்றியது ஒரு பக்கம். என் வாயால் என் பிள்ளை வாயைக் கட்டினாரே, அதை எந்த ரேக்கில் வைப்பது?

டிசம்பர் 20, வெள்ளி

பேச்சு இல்லை. தட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறார். ஜெபா மேல் எனக்குக் கோபம் உண்டா? யோசித்துப் பார்த்தேன். இல்லை. கேட்டிருந்தால் முணுமுணுத்திருப்பேன், ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், பிறகு பாய் போட்டிருப்பேன். பதினாலு வருஷம் கூட இருந்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?

டிசம்பர் 21, சனி

அவர் டியூட்டிக்குப் போனதும் நானே ஜெபாவுக்குப் போன் செய்தேன். “நான் வரச் சொல்லலப்பா. எனக்குத் தெரியவே தெரியாது. நீ வா, சாப்பிடு, ரூம் கிடைக்கிற வரைக்கும் பாயில படு. கட்டில் மட்டும் வேணாம். அந்த இடம் பசங்களுது.”

 “சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி” என்றான்.  அவனையும்தான் ஏமாற்றியிருக்கிறார்.

பதினொரு மணிக்கு நாகப்பன் பலகையோடு வந்தார். “செவுத்துல ஆரோ கோடு போட்டுக்கீறாங்களே மேடம், அத்த அயிச்சிடவா?”

“இருக்கட்டும், நீங்க மாட்டுங்க” என்றேன்.

சந்தோஷ் வந்து மேசையைப் பார்த்தார். “என் தம்பி முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டேல்ல?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஏழு மணிக்கு சர்ச்சிலிருந்து கேரல் ரவுண்ட்ஸ் வந்தார்கள். ஹாலில் இடமில்லாமல் பாதிப் பேர் மாடிப்படியில் நின்று பாடினார்கள். கிறிஸ்மஸ் தாத்தா ஆடிவிட்டு நிஷாவிடம், “பாப்பாவுக்கு இன்னா வேணும்?” என்றார்.

“ஒண்ணும் வேணாம் தாத்தா, வெக்க இடமில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் நானும் மட்டும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிஷோர் பீரோ முழுக்கத் தன் பேரை ஒட்டிவிட்டான், ‘ஷோ’ தலைகீழாக. நிஷா இன்றுதான் மேசையை இறக்கிப் பார்த்தாள். “அழகா இருக்கும்மா” என்று முத்தம் கொடுத்தாள். உடனே மடக்கிவிட்டாள். மறுபடி டிரம்மிடம் போய் உட்கார்ந்து, அதன் மேல் வைத்து வாழ்த்து அட்டைக்கு வண்ணம் அடித்தாள்.

ஏன்டி என்றேன்.

“பழகிட்டா, அப்புறம் யாராவது வந்தா கஷ்டமா இருக்கும்மா.”

ஜனவரி 3, 2025, வெள்ளி

ஜெபா இரண்டு ராத்திரி பாயில் படுத்தான். இன்று அண்ணனூரில் நண்பர்களோடு ரூம் பார்த்துப் போய்விட்டான். போகும்போது என் காலில் விழ வந்தான், தடுத்தேன். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜனவரி 8, புதன்

மேசை மடக்கியபடியே இருக்கிறது. நாலு விரல்தான். இடமே அடைக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

ஸ்டாரை இறக்கி மடித்தாயிற்று.

நான் அடுப்படியில் இருந்தேன். சந்தோஷ் ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோடு போனது, அழுக்காக ஒரு தடம் நின்றுவிட்டது. மேசையை அவரே இறக்கினார்.

“பாப்பா, இங்க வந்து எழுது. இது உங்க ரெண்டு பேரோட இடம். யாரும் எடுக்க மாட்டாங்க.”

நிஷா டிரம்மை விட்டு எழுந்திருக்கவில்லை. “அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றீங்களாப்பா?”

அவர் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார். ரப்பர் இன்னும் கையில் இருந்தது.

“ஷர்மிளா... அந்த இடம் பிள்ளைகளுக்குத்தானே? கேக்கறேன்.”

 குழம்பை இரண்டு தடவை கிளறினேன். பிறகுதான் ஆமாம் என்றேன். மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. கேட்டார், பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து சோறு வைக்க டம்ளரோடு டிரம்மிடம் போனேன். பழக்க தோஷத்தில், “எழுந்திருடி பாப்பா” என்றேன். டிரம் மூடி காலியாக இருந்தது.