வெயில் இறங்கினால் லீவு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை.

வெயில் இறங்கினால்தான் ஏசி மெக்கானிக்குக்கு லீவு, உனக்குத் தெரியுமே. நேற்று ஒரு வீட்டில், "அடிக்கடி நின்னு போகுதுப்பா, என்ன கோளாறு?" என்றார் வீட்டுக்காரம்மா.

"கோளாறே இல்லம்மா. வெளிய வெயில் குறைஞ்சிடுச்சு. ரூம் சீக்கிரம் குளிர்ந்துடுது, மெஷின் ஓய்வெடுக்குது" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அறைக்கு வந்ததும் பெட்டி கட்டிவிட்டேன்.

இன்று மறுபடி நாற்பத்திரண்டு டிகிரி. காலையிலேயே பன்னிரண்டு வீட்டிலிருந்து போன். பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் தாண்டித் தாண்டி நடக்கிறேன்.

கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. போன வருடம் கிடைக்காத லீவுக்கு வாங்கிய செருப்பு பெட்டியிலேயே இருக்கிறது. இனி அவளுக்குப் பத்தாது.